அலுமினியம் சிவப்பதில்லை

இரும்பாக இருந்திருந்தால் இந்நேரம் சிவந்திருக்கும்.

ஒட்டு மாஸ்டர் அதற்காகத்தான் காத்திருந்தார். பட்டறைக்கு நடுவே கவிழ்த்துப் போட்டிருந்த படகின் அடிப்பக்கத்தில் காஸ் டார்ச்சைக் காட்டியபடி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் நெருப்போடு குடும்பம் நடத்தியவர் அவர். உலோகம் முதலில் சிவக்கும், அப்புறம்தான் இளகும், அதற்குள் மனிதன் சுதாரித்துக்கொள்ளலாம் என்பது அவர் கண்ட அனுபவம். இந்தப் படகோ சிவக்கவும் இல்லை, கறுக்கவும் இல்லை. வெள்ளை வெளேரென்று, தனக்கும் நெருப்புக்கும் சம்பந்தமே இல்லாதது போல இருந்தது.

இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும் போலிருக்கிறது என்று டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். அடுத்த நொடி, படகின் அடியில் ஒரு பகுதி சொல்லாமல் கொள்ளாமல் கழன்று, பளபளவென்று தரையில் விழுந்தது.

விரல் நீள விரிசலோடு வந்த படகில் இப்போது உள்ளங்கை அளவு ஓட்டை. மாஸ்டர் அதற்குள் எட்டிப் பார்த்தார். பட்டறைத் தரை தெளிவாகத் தெரிந்தது.

"போச்சு," என்றார். கேட்க ஆள் இல்லை. அதுவரையில் நிம்மதி.

எதைக் கொண்டுவந்து காட்டினாலும் "ஒட்டிடலாம்" என்று சொல்லிவிடும் வாய் அவருடையது. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். கேட்டுக் கதவு, ஜன்னல் கம்பி, சைக்கிள் சட்டம், நாற்காலிக் கால் என்று இதுவரை வந்ததெல்லாம் இரும்பு. ஆகையால் வாய்க்கும் கைக்கும் தகராறு வந்ததில்லை. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், "எங்கப்பா எதை வேணும்னாலும் ஒட்டிடுவாரு" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருக்கிறாள். அதை அவளுடைய டீச்சரே ஒருநாள் அவரிடம் சொன்னபோது, மாஸ்டர் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார்.

அந்த மிதப்பில் இருக்கும்போதுதான் படகுக்காரம்மா வந்து சேர்ந்தார்.

ஏரியில் சவாரிப் படகுகள் விடும் அம்மாள். அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும் வரை எதிராளியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். வியாழக்கிழமை காலையில் வண்டியில் படகை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"அலுமினியம். ஒட்டுவீங்களா?"

"ஒட்டிடலாம்."

"கேட்டது புரிஞ்சுதா? இரும்பு இல்ல. அலுமினியம்."

"ஒட்டிடலாம்மா."

"பழக்கம் உண்டா?"

"எவ்வளவோ பண்ணியிருக்கேன்."

எவ்வளவோ என்பதில் ஒன்றுமில்லாததும் அடக்கம்தானே என்று மாஸ்டர் தன் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டார். படகுக்காரம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, புறப்படும்போது, மறந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை முதல் சவாரி. எங்க வழக்கம் தெரியும்ல?"

"என்ன வழக்கம்?"

"படகை ஒட்டினவர்தான் முதல்ல ஏறணும். நடு ஏரி வரைக்கும் போயிட்டு வரணும். அதுக்கப்புறம்தான் மத்தவங்களை ஏத்துவேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஏறுற படகு, பாருங்க."

குளிக்கிற வாளியைத் தாண்டி வேறு எந்தத் தண்ணீரோடும் மாஸ்டருக்குப் பழக்கம் கிடையாது.

"குடும்பத்தையும் கூட்டிட்டு வாங்க. பிள்ளை இருக்கில்ல? சந்தோஷப்படும்," என்று சொல்லிவிட்டு அம்மாள் வண்டியேறிவிட்டார்.

அலுமினிய வெல்டிங் குச்சி பட்டறையில் ஒரு பாக்கெட் இருக்கத்தான் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் யாரோ விற்பனைக்காரர் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. தண்ணீர் டிரம்முக்கு மேலே இருந்த பலகையில், வாய் பிரிந்து கிடந்தது. குச்சியின் மேல் பூசியிருந்த வெள்ளை மருந்து ஈரம் குடித்து, தொட்டால் கையில் ஒட்டியது. மாஸ்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துருப்பிடித்த கதவுகளைத் தேய்க்கும் அதே பிரஷ்ஷால் விரிசலை நாலு தேய் தேய்த்துவிட்டு, முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு, இரும்பைத் தொடுவது போலவே தொட்டார்.

குச்சி பொரிந்தது, வெடித்தது, நாலாபுறமும் துப்பியது. இரும்புக் குச்சி நிதானமாகக் கரையும். அதோடு பேசிக்கொண்டே வேலை செய்யலாம். இது மாஸ்டர் கையை நகர்த்துவதற்குள் பாதி தீர்ந்திருந்தது. முகமூடியைத் தூக்கிப் பார்த்தால், விரிசலின் மேல் உருண்டை உருண்டையாகச் சில குமிழ்கள். ஆணியால் தட்டினார். எல்லாம் உருண்டு ஓடிவிட்டன. விரிசல் அப்படியே இருந்தது.

பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் படித்தார். குச்சியை ஈரம் படாமல் வைக்கவும். மெஷினில் குச்சி பிடிக்கும் வயரை பிளஸ் பக்கம் மாட்டவும். அலுமினியத்துக்கென்று தனி பிரஷ் வைத்துக்கொள்ளவும். ஒட்டும் இடத்தை முன்கூட்டியே சூடாக்கவும். நாலில் மூன்றை ஏற்கனவே மீறியாயிற்று. நாலாவதையாவது நன்றாகச் செய்துவிடலாம் என்றுதான் டார்ச்சை எடுத்தார். எவ்வளவு சூடு என்று எழுதியிருந்த இடத்தில் அச்சு அழிந்திருந்தது.

அப்படி வந்த ஓட்டைதான் அது.

ஓட்டையை அடைக்க அலுமினியத் துண்டு வேண்டும். மாஸ்டர் வீட்டுக்கு ஓடினார். மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் பெரிய பாத்திரத்தின் மூடி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அசல் அலுமினியம். சட்டைக்குள் செருகிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தியபடி வெளியே வந்தார்.

அந்த மூடி படகை விட மெலிசு என்பது குச்சி பட்டபிறகுதான் தெரிந்தது. மூன்று விநாடியில் மூடி காணாமல்போயிற்று. மிஞ்சியது பிடி மட்டும். ஓட்டையோ இன்னும் ஒரு விரற்கடை அகன்றிருந்தது.

துண்டு வைத்து ரிவெட் ஆணி அடித்திருந்தால் அரைமணி வேலை. தண்ணீரும் சொட்டாது. ஆனால் ஒட்டுகிறேன் என்று சொன்னவர் ரிவெட் அடித்துக் கொடுத்தால், 'அப்போ ஒட்டத் தெரியாதா?' என்று அந்த அம்மாள் கேட்பார். கேட்டுவிட்டுக் கண்ணை எடுக்காமல் வேறு பார்ப்பார். அதை நினைத்தாலே மாஸ்டருக்கு வேர்த்தது.

வெள்ளிக்கிழமை முழுக்கப் போராடினார். பழைய அறிவிப்புப் பலகை ஒன்றிலிருந்து கனமான தகடு வெட்டி ஓட்டையின் மேல் வைத்தார். வயரை மாற்றினார். குச்சிகளை அடுப்பில் காயவைத்தார். சில இடத்தில் பிடித்தது, சில இடத்தில் பிடித்தது போல் நடித்தது. பிடித்த இடத்திலும் ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து, தலைமுடி போல ஒரு கீறல் ஓடியது. அந்த 'டிக்' அவர் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. கடைசிக் குச்சியும் தீர்ந்தபோது, தகடு நாலு இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் அவர் செய்ததை எந்த வெல்டரும் வெளியே சொல்லமாட்டார். பக்கத்து கார் பட்டறைக்குப் போய், அடிபட்ட கதவுகளுக்குப் பூசும் புட்டி ஒரு டப்பா வாங்கிவந்தார். தகட்டின் மேல் அப்பினார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தார். வெள்ளிப் பெயின்ட் அடித்தார். தள்ளி நின்று பார்த்தார். அவர் வாழ்நாளில் செய்த மிக அழகான வேலை அதுதான்.

சனிக்கிழமை காலையில் படகுக்காரம்மா வந்து, விரலால் அந்த இடத்தைத் தடவினார்.

"கண்ணாடி மாதிரி இருக்கே."

"ஹி ஹி."

"தண்ணி வராதே?"

"வராதும்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா... அதாவது... வர வாய்ப்பில்ல."

அம்மாள் அவர் முகத்தையே பார்த்தார். மாஸ்டர் தன் பெருவிரலையே பார்த்தார்.

படகை வண்டியில் ஏற்றியபிறகு அம்மாள் சொன்னார்: "சரி. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க. எல்லாரும்."

எல்லாரும் என்ற சொல் மாஸ்டரைப் பகலெல்லாம் துரத்தியது. தான் முழுகுவதற்கே அவர் தயாராக இல்லை. இதில் மகளையும் ஏற்றிக்கொண்டு போவதா? சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாக ஆரம்பித்தார்.

"நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம்."

"ஏன்?" என்றார் மனைவி.

"வெயிலா இருக்கும்."

"காலையில எட்டு மணிக்கு என்ன வெயில்?"

"குளிர்காத்து அடிக்கும். பாப்பாவுக்குச் சளி பிடிச்சுக்கும்."

"வெயிலா, குளிரா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

மாஸ்டர் தண்ணீர் குடித்தார். குடிக்கும்போதே அது எவ்வளவு பயங்கரமான பொருள் என்று தோன்றியது.

"அந்தம்மா குடும்பத்தோட வரச் சொல்றாங்க. நீங்க வராதேங்கறீங்க. ரெண்டு நாளா சரியா சாப்பிடல, நான் என்ன கேட்டாலும் திடுக்குன்னு முழிக்கறீங்க. வீட்டுல மூடி வேற காணாமப்போயிருக்கு. என்ன நடக்குது இங்க? இருங்க, எங்க அண்ணனை வரச் சொல்றேன். அவரும் படகுல வரட்டும். நீங்க என்ன மறைக்கறீங்கன்னு அவரே பார்க்கட்டும்."

மனைவியின் அண்ணன் லாரி ஓட்டுபவர். அவர் ஏறி உட்கார்ந்தால் லாரியே ஒருபக்கம் சாயும் என்பது மாஸ்டரின் நீண்டநாள் கணிப்பு. இரண்டு பேரைக் குறைக்கப் போய் ஒன்றரை ஆள் கூடிவிட்டது.

இனி உண்மையைச் சொல்லிவிடுவதுதான் வழி. சொல்லிவிடத் தொண்டையைக் கனைத்தார். அந்த நேரம் பார்த்து மகள் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படகு வரைந்திருந்தாள். படகின் முன்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கீழே 'எங்கப்பா ஒட்டினது' என்று எழுதியிருந்தது. மாஸ்டர் கனைப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. ஏரி, ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபக்கம் தெரியாத அளவுக்குப் பரந்து கிடந்தது. கரையோரம் கட்டியிருந்த படகு நீல நிறத்தில் பளபளத்தது.

"பெயின்ட் அடிச்சுட்டீங்களா?" என்றார் மாஸ்டர்.

"பிள்ளைங்களுக்கு நீலம் பிடிக்கும்," என்றார் படகுக்காரம்மா.

"நான் ஒட்டின இடத்தை உள்ள ஒருதடவை பார்த்துக்கட்டுமா?"

"உட்கார்றதுக்குப் பலகை போட்டு முடுக்கியாச்சே. ஏன், சந்தேகமா?"

"சந்தேகமா! எனக்கா?"

சிரித்துப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அம்மா, ஒரு யோசனை. முதல்ல ஆளுக்குப் பதிலா மணல் மூட்டையை ஏத்திப் பார்த்தா என்ன?"

"அது வழக்கம் இல்ல."

மச்சான் ஏறினார். படகு ஒரு முழம் கீழே இறங்கி, கொஞ்சம் யோசித்து, அரை முழம் மேலே வந்தது. மனைவி ஏறினார். மகள் துள்ளி ஏறினாள். மாஸ்டரும் மற்றவர்களைப் போல ஒரு லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, இன்னொன்று கேட்டார்.

"யாருக்குங்க?" என்றார் துடுப்புக்காரர். வயதில் மூத்த ஆள். எப்போதும் எதையோ மெல்லுவது போல வாய் அசையும்.

"எனக்குத்தான். இதுக்கு மேல."

"ரெண்டு போட்டா கை கீழ இறங்காதுங்க."

"பரவாயில்ல."

இறங்கத்தான் இல்லை. இரண்டு கையையும் விரித்தபடி, கட்டிப்பிடிக்க ஆள் தேடுகிறவர் போல மாஸ்டர் படகில் உட்கார்ந்தார். படகுக்காரம்மா கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். படகு நகர்ந்தது.

"ஆழம் எவ்வளவு இருக்கும்?" என்று பின்னால் திரும்ப முடியாமல் கேட்டார் மாஸ்டர்.

"எந்த இடத்துலங்க?"

"கால் எட்டுற இடத்துல."

"அந்த இடம் அப்பவே போயிடுச்சுங்க," என்றார் துடுப்புக்காரர்.

கரை சின்னதாகிக்கொண்டே போனது. படகுக்காரம்மா ஒரு புள்ளியானார். மகள் பலகையில் காலால் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நீ ஒட்டின இடம் எது?"

"தட்டாத!" என்று மாஸ்டர் போட்ட சத்தத்தில் ஒரு பறவை எழுந்து பறந்தது. "அதாவது... தட்டக்கூடாதும்மா. புதுசு."

"நல்லாத்தானே ஒட்டியிருக்கீங்க மாப்ள?" என்றார் மச்சான். கேட்டுவிட்டு, தானும் ஒருமுறை குதிகாலால் ஓங்கி உதைத்துப் பார்த்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். புட்டி டப்பாவின் மேல் எழுதியிருந்தது கண்ணுக்குள் வந்து நின்றது. தண்ணீர் படும் இடங்களில் பூச வேண்டாம்.

நடு ஏரிக்கு வந்தாயிற்று. துடுப்புச் சத்தம் நின்றது. எங்கும் ஒரே அமைதி.

அப்போதுதான் மாஸ்டரின் இடது பாதம் சில்லிட்டது.

குனிந்து பார்த்தார். பின்பக்கத்திலிருந்து பலகை மேல் ஒரு கோடு போலத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் அதன் மேல் காலை வைத்து அழுத்தினார். காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு காலையும் வைத்தார்.

"ஏன் காலை அப்படி வச்சிருக்கீங்க?" என்றார் மனைவி.

"மரத்துப்போச்சு."

"முகம் ஏன் வெளுத்திருக்கு?"

"அதுவும்தான்."

தண்ணீர் அவருடைய இரண்டு பாதங்களையும் தாண்டி, பொறுமையாக, மகளின் சின்னச் செருப்பை நோக்கிப் போனது. தன்னைத் தொட்டவரையில் பொறுத்துக்கொண்டிருந்த மாஸ்டரால், அது அவளைத் தொடப்போகிறது என்றதும் பொறுக்க முடியவில்லை. இந்தப் பிள்ளையை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது தன்னுடைய வாய்தான் என்று அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

"அப்பா, தண்ணி," என்றாள் மகள்.

"திருப்புங்க! படகைத் திருப்புங்க!" என்று மாஸ்டர் அலறினார். "எனக்கு அலுமினியம் ஒட்டத் தெரியாது! வாழ்க்கையில ஒருதடவைகூட ஒட்டினதில்ல! விரிசலைப் பெரிசாக்கினதே நான்தான்! அது வெல்டிங் இல்ல, புட்டி! கார்க் கதவுக்குப் பூசுற புட்டி! மேல பெயின்ட் அடிச்சு ஏமாத்திட்டேன்! மூடியும் நான்தான் எடுத்தேன்!"

"மூடியா?" என்று எழுந்துவிட்டார் மனைவி. "பக்கத்து வீட்டுக்காரியோட ரெண்டு நாளா பேசாம இருக்கேன், தெரியுமா?"

"உட்காரு! ஆடுது!"

"மாப்ள, எனக்கு நீச்சல் தெரியாது!" என்று மச்சானும் எழுந்தார். படகு பலமாக ஆடியது.

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தன்னுடைய ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி, மகள் போட்டிருந்ததற்கு மேலேயே போட்டு, நாடாவை இழுத்து இழுத்துக் கட்டினார். அவசரத்தில் முடிச்சு விழவில்லை. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஒட்டத் தெரியாதாப்பா?"

"தெரியாதும்மா."

"அப்புறம் ஏன் தெரியும்னு சொன்ன?"

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சொல்லிப் பழகிட்டேன்மா."

பின்பக்கம் துடுப்புக்காரர் எழுந்து நின்றார். முகத்தில் கொஞ்சம்கூடப் பதற்றம் இல்லை. கையை வாய்க்குக் குவித்து, கரையைப் பார்த்து நீட்டி முழக்கினார்.

"அக்கா! இவரும் சொல்லிட்டாரு!"

தூரத்தில் அந்தப் புள்ளி நாற்காலியிலிருந்து எழுந்து கையசைத்தது. துடுப்புக்காரர் காலடியில் ஒளித்துவைத்திருந்த காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, படகைக் கரைப்பக்கம் திருப்பினார்.

"நிதானமா உட்காருங்க மாஸ்டர், தண்ணி நான் ஊத்தினது, இது நீங்க ஒட்டின படகே இல்ல. அக்காவுக்கு வெல்டிங்கைப் பார்த்து நல்லதா கெட்டதான்னு சொல்லத் தெரியாது. அதனால பண்ணினவரை இங்க கொண்டுவந்து பார்த்துக்கிறாங்க."